சட்டை மட்டும் போதாது, நண்பர்களே

சிட்னியிலும் மெல்பர்னிலும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களின் நினைவுப்பொருள்களைச் சேர்த்து வரும் தமிழ் நண்பர்களுக்கு,



2023-இல் மகளிர் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த பிறகு நம் கூட்டம் பெருகியிருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் பழைய பேட்ஜுகளையும் ஆட்ட நாள் கையேடுகளையும் தேடி அலைந்தவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். இப்போது கல்லூரி மாணவர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வரும் அம்மாக்களும் ஏலத்தில் விலை கேட்கிறார்கள். எனக்கு இதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலையும் இருப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

பொருள் கைமாறும்போது அதன் வரலாறு கூடவே கைமாறுவதில்லை. யார் போட்ட ஜெர்சி, எந்த ஆட்டத்தில் போட்டது, அவரிடமிருந்து யாருக்குப் போனது, நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. “ஏலத்தில் எடுத்தேன்” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கைக்குச் சாட்சி சொல்ல வேண்டிய பொருள், அந்த விவரம் அறுந்த அன்றே வாயடைத்துப் போகிறது. வாங்குவதில் காட்டும் முனைப்பை எழுதி வைப்பதிலும் காட்டுங்கள் என்பதே உங்களிடம் என் வேண்டுகோள். இந்த மடலில் மீதி எல்லாம் அதற்கான விளக்கம்தான்.

மெல்பர்ன் பக்கம் ஃபுட்டி என்றால் நீள்வட்டப் பந்தில் ஆடும் ஆட்டம். அதற்குப் பெரிய சந்தையும் பழுத்த சேகரிப்பாளர்களும் உண்டு. நான் பேசுவது உலகக் கால்பந்தை. ஆஸ்திரேலியாவில் அது நெடுங்காலம் புறக்கடையில் நிறுத்தப்பட்டிருந்த ஆட்டம். யாரும் பொருட்படுத்தாத ஆட்டத்தின் பொருள்களை யாரும் பத்திரப்படுத்தவும் இல்லை. நமக்கு வேலை கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஜானி வாரனை எடுத்துக்கொள்வோம். 1943-இல் சிட்னியின் பொட்டனி பகுதியில் பிறந்தவர். ஹங்கேரியக் குடியேறிகள் வளர்த்த செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட் கிளப்பின் வீரர். ஆஸ்திரேலியாவுக்காக 42 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியவர், அணித் தலைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் தொகுப்பாளர் லெஸ் மரேயுடன் அமர்ந்து ஒரு தலைமுறைக்கே இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். 2004 நவம்பரில் அவர் காலமானபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. இன்றும் நாட்டின் ஆடவர் ஏ-லீகில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படுவது ஜானி வாரன் பதக்கம்தான்.

அவர் நினைவாகச் சேர்க்கக் கிளம்பும் எவரும் முதலில் தேடுவது 1974 உலகக் கோப்பை ஜெர்சியை. அந்த ஆண்டு ஜூன் 14 அன்று ஹாம்பர்க்கில் கிழக்கு ஜெர்மனிக்கு எதிராக ஆஸ்திரேலியா தன் முதல் உலகக் கோப்பை ஆட்டத்தை ஆடி 0–2 என்று தோற்றது. வாரன் களத்தில் இருந்தார். காலில் அடிபட்டது. மேற்கு ஜெர்மனிக்கு எதிரான அடுத்த ஆட்டத்திலும், சிலியுடன் 0–0 என்று சமன் செய்து நாடு தன் முதல் உலகக் கோப்பைப் புள்ளியைப் பெற்ற ஆட்டத்திலும் அவர் இல்லை. அந்த ஒரு ஜெர்சியை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பவருக்கு வாரனின் ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு மாலைதான் தெரியும்.

மற்ற நாள்களையும் பாருங்கள். 1965-இல் ஆஸ்திரேலியா முதன்முதலாக உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இறங்கியது. எதிரணி வட கொரியா, ஆட்டம் நடந்த இடம் கம்போடியாவின் நோம்பென். முதல் ஆட்டம் 1–6, இரண்டாவது 1–3. அந்த அணியில் வாரனும் இருந்தார். இப்படி அடிவாங்கித் திரும்பிய பயணத்தின் பொருள்களை அந்தக் காலத்தில் யார் எடுத்து வைத்திருப்பார்கள்? ஆனால், ஒரு விமானச் சீட்டோ அணியின் படமோ எங்காவது ஒரு அலமாரியில் கிடந்தால், ஆஸ்திரேலியா உலகக் கால்பந்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறு இல்லை.

இரண்டே ஆண்டுகளில், 1967 நவம்பரில், போர் நடந்துகொண்டிருந்த சைகோனுக்கு அணி போனது. எட்டு நாடுகள் கலந்துகொண்ட போட்டி. நியூசிலாந்தை 5–3, தென் வியட்நாமை 1–0, சிங்கப்பூரை 5–1 என்று வென்று, அரையிறுதியில் மலேசியாவை 1–0 என்று தாண்டி, 14-ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 3–2 என்று வீழ்த்தி ஆஸ்திரேலியா கோப்பையை எடுத்தது. பல நாடுகள் ஆடும் போட்டி ஒன்றில் நாட்டுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. தலைவர் வாரன். இன்று எல்லோரும் சொல்லும் சாக்கரூஸ் என்ற பெயர்கூட, சிட்னிப் பத்திரிகையாளர் டோனி ஹார்ஸ்டெட் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியபோது சூட்டியதுதான். அணியில் இருந்த பலர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அட்டிலா அபோன்யி ஹங்கேரியில் பிறந்தவர், மன்ஃப்ரெட் ஷேஃபர் ஜெர்மானியர். பிழைக்க வந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு போர்க்களத் தலைநகரில் ஆடி வென்றவர்கள் இவர்கள்.

1969-இல் இன்னொரு தகுதிச்சுற்று. சியோலில் ஜப்பானையும் தென் கொரியாவையும் தாண்டி, மொசாம்பிக்கின் லொரன்சோ மார்க்கிஸ் நகரில் ரொடீசியாவுடன் மூன்று முறை மோதி, கடைசியில் இஸ்ரேலிடம் வாய்ப்பை இழந்தது அணி. அதன் பிறகு வாரனுக்கு முழங்கால் காயம். தலைமை கைவிட்டுப் போனது. மனம் தளராமல் மீண்டு வந்து 1974 அணியில் இடம்பிடித்தார். அந்த உலகக் கோப்பைக்கு அணியைக் கொண்டுபோனது 1973 நவம்பர் 13 அன்று ஹாங்காங்கில் ஜிம்மி மக்காய் தொலைவிலிருந்து அடித்த கோல்.

தோல்விகள், காயம், பறிபோன தலைமை, முன்பின் தெரியாத ஊர்களில் கழிந்த வாரங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கை. வெற்றி நாளின் பொருளை நாடுவது இயல்பு, அதற்குத்தான் விலையும் அதிகம். ஆனால் உண்மையான சேகரிப்பாளர் ஒரு வீரரின் மொத்தப் பாதையையும் மனத்தில் வைத்துத் தேடுவார். பயிற்சிக்கு வரச் சொல்லிக் கூட்டமைப்பு அனுப்பிய தட்டச்சுக் கடிதம், பயணத்துக்குத் தைத்துக் கொடுத்த கோட்டு, எதிரணித் தலைவர் கொடுத்த முக்கோணக் கொடி, கத்தரித்து ஒட்டிய செய்தித்தாள் ஆல்பம் போன்றவை சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சொல்லும் செய்தியிலோ பல நேரம் ஜெர்சியை விஞ்சுகின்றன. கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும்.

சிட்னிக்குத் தெற்கே கியாமாவை அடுத்த ஜாம்பெரூ என்ற சிற்றூரில் வாரன் குடும்பம் நடத்திய மதுவிடுதியின் சுவர்களில் கால்பந்து நினைவுப்பொருள்கள் தொங்கின. தன் ஆட்டத்தின் தடயங்களை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. வருவோர் போவோர் பார்க்கும்படி மாட்டினார். 1997 நவம்பரில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஈரானுடன் 2–2 என்று முடிந்து உலகக் கோப்பை வாய்ப்பு நழுவியபோது நேரலையில் கண்கலங்கிய மனிதர் அவர். 2005 நவம்பர் 16 அன்று உருகுவேயைப் பெனால்டியில் வென்று ஆஸ்திரேலியா மீண்டும் உலகக் கோப்பைக்குள் நுழைந்ததைப் பார்க்க அவர் இல்லை. “நான் அப்போதே சொன்னேனே” என்ற பொருளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாசகத்தை ரசிகர்கள் பதாகையில் எழுதிப் பிடித்தார்கள். அந்த இரவின் டிக்கெட் உங்களில் பலரிடம் இருக்கலாம். அதன் பின்னால் இந்த நாற்பது ஆண்டுக் கதை இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறீர்களா?

எழுதி வைப்பதன் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். 1923-இல் நியூசிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஆடியது. ஆட்டம் முடிந்து ஆஸ்திரேலியத் தலைவர் அலெக்ஸ் கிப்பும் நியூசிலாந்துத் தலைவர் ஜார்ஜ் காம்ப்பெலும் சுருட்டுப் பிடித்தார்கள். அந்தச் சுருட்டுச் சாம்பலை ஒரு சவரக் கத்திப் பேழையில் இட்டார்கள். பேழை குவீன்ஸ்லாந்துக் கால்பந்துச் செயலாளர் வில்லியம் ஃபிஷருடையது, 1915-இல் கலிப்போலிக் கரையில் படைகள் இறங்கியபோது அவரோடு இருந்தது. இரு நாட்டு மரங்களாலும் செய்த ஒரு பெட்டிக்குள் அந்தப் பேழையைப் பொருத்தி, இரு நாடுகளும் மோதும்போதெல்லாம் வெல்பவருக்குக் கொடுத்தார்கள். 1954-க்குப் பிறகு அந்தக் கோப்பையைக் காணவில்லை.

கால்பந்து வரலாற்று ஆய்வாளர்கள் ட்ரெவர் தாம்சனும் இயன் சைசனும் அதைத் தேடினார்கள். கடைசியில் 2023-இல் அது வெளிவந்தது. ஆஸ்திரேலியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக ஒரு காலத்தில் இருந்த சிட்னி ஸ்டோரியின் குடும்பத்தார், அவர் விட்டுச்சென்ற பொருள்களை ஒழுங்குபடுத்தியபோது கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கொஞ்சம் சாம்பல் உள்ள பழைய மரப்பெட்டியை வேறு யார் கண்டாலும் என்ன செய்திருப்பார்கள்? குப்பைக்குப் போடாமல் அதை அடையாளம் கண்டுகொள்ள முடிந்ததற்குக் காரணம், அந்தக் காலச் செய்தித்தாள்களில் அதைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள், ஆய்வாளர்களும் அதை விடாமல் பேசி வந்தார்கள். எழுத்து இருந்ததால் பெட்டி பிழைத்தது.

என்னிடம் உள்ள ஒரு ஜெர்சியைப் பற்றியும் சொல்கிறேன். 1970-களில் சிட்னியில் ஆடிய ஒரு கிளப்புடையது. கனத்த பருத்தித் துணி, மழையில் நனைந்தால் தோளை இழுக்கும். முதுகில் ஆறாம் எண். வெள்ளைத் துணியில் எண்ணை வெட்டி எந்திரத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். எண்ணின் அடி வளைவில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கைத்தையல். நூலும் வேறு, கொஞ்சம் மஞ்சள் ஓடிய நூல். தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவு, அவசரம் தெரியாது. காலரின் உட்புறத்தில் மையால் போட்ட சலவைக் குறி பாதி அழிந்திருக்கிறது. இடது விலாப்பக்கம் புல்லின் பச்சைக் கறை இன்னும் போகவில்லை.

இதை எனக்குத் தந்தவர், அந்தக் கிளப்புக்கு வாரந்தோறும் ஜெர்சிகளைத் துவைத்துக் கொடுத்த அம்மையாரின் மகள். “இது எங்கம்மா கைத்தையல்” என்று தையலைத் தொட்டுக் காட்டினார். ஞாயிறு மாலை சேற்றோடு மூட்டை வரும், திங்கள் முழுக்கத் துவையல், பிய்ந்ததை இரவு உட்கார்ந்து தைப்பார்கள் என்றார். அந்தக் காலத்தில் ஜெர்சி கிளப்பின் சொத்து. ஒரே எண்ணை ஒரு பருவத்தில் நாலைந்து பேர் மாறி மாறிப் போட்டிருப்பார்கள். அதனால் இது ‘இன்னார் ஜெர்சி’ என்று ஒருவர் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணில் ஆடியவர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயர்களையும், தைத்த அம்மையாரின் பெயரையும், மகள் சொன்னதையும், சொன்ன தேதியையும் ஒரு தாளில் எழுதி ஜெர்சியோடு வைத்திருக்கிறேன். அந்தத் தாள் போனால் அது வெறும் பழந்துணி.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். பொருள் என்ன, யாருடையது, எந்த ஆட்டம் அல்லது எந்தக் காலம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, உங்களுக்கு இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும் பிரித்து எழுதுங்கள். ஊகத்தை உண்மையாக எழுதிவிட்டால் உங்களுக்குப் பின் வருபவரால் அதை ஒருபோதும் களைய முடியாது. அமிலம் இல்லாத தாளில் பென்சிலால் எழுதினால் மை ஊறிப் பரவாது, நெடுநாள் நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் தாளைக் கைவிடாதீர்கள். கைப்பேசி மாறும், கணக்கு மூடப்படும், தாள் பெட்டியிலேயே இருக்கும்.

வாங்குவோருக்கும் சில வார்த்தைகள். சந்தையில் ‘ஜெர்சி’ என்ற ஒரே பெயரில் மூன்று வகை விற்பனையாகின்றன. வீரர் களத்தில் போட்டு ஆடியது ஒன்று. அவருக்கென்று தயாரித்து, அவர் போடாமல் உடைமாற்று அறையிலேயே இருந்துவிட்டது இன்னொன்று. கடையில் வாங்கிக் கையொப்பம் வாங்கியது மூன்றாவது. மூன்றும் சேர்க்கத் தக்கவைதான். ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்பதுதான் குற்றம். ஆடிய ஜெர்சி என்று சொன்னால் அந்த நாளின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்ஜ் எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது, எண்ணின் ஓரம் எந்தத் தையலுக்கு நேரே வருகிறது, கோடு போட்ட துணியானால் கோடு எங்கே வெட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கையால் வெட்டித் தைத்த காலத்தில் இரண்டு ஜெர்சிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கவே இருக்காது.

1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மரடோனா போட்ட ஜெர்சியை இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாற்றிக்கொண்டார். 2022-இல் அது ஏலத்துக்கு வந்தபோது, அது கோல் அடித்த இரண்டாம் பாதியில் போட்டது இல்லை என்று மரடோனா குடும்பத்தார் மறுத்தார்கள். நுணுக்கங்களைப் படத்தோடு ஒப்பிட்டு இரண்டாம் பாதிச் சட்டையே என்று ஏல நிறுவனம் நிறுவியது. 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. நம் கையில் உள்ள பொருள்களின் விலை அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் சரிபார்க்கும் முறை ஒன்றுதான், பொறுமை உள்ள எவரும் வீட்டிலேயே செய்யலாம். அத்தாட்சிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழையும் அச்சடிக்க முடியும்.

பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேற்றுக் கறையைத் துவைத்துப் போக்காதீர்கள், கறையும் சான்றுதான். பருத்தி ஜெர்சியைக் கம்பி மாட்டியில் தொங்கவிட்டால் தோள் இழுபட்டுப் போகும். அமிலமற்ற மெல்லிய தாள் இடையிட்டுப் படுக்கை வாக்கில் வையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டிய கையொப்பம் சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஆட்ட நாள் கையேட்டை லேமினேட் செய்வது அதைக் கொல்வதற்குச் சமம். ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய படத்தொகுப்புகளில் இருந்து படங்களை எடுத்துவிடுங்கள். ரப்பர் பேண்டும் குண்டூசியும் காகிதத்துக்குப் பகை. கோலாலம்பூர், சிங்கப்பூர் நண்பர்கள் ஈரப்பதத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இனி, நாம் தேடாமல் விட்டவை.

1979 அக்டோபரில் சிட்னியின் மிராண்டா பகுதியில் உள்ள சீமர் ஷா பார்க்கில் ஆஸ்திரேலிய மகளிர் அணி தன் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. நியூசிலாந்துடன் 2–2. தலைவி ஜூலி டோலனுக்கு அப்போது பதினெட்டு வயது. மட்டில்டாஸ் என்ற பெயர் வந்ததோ 1995-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆடிய பெண்கள் சொந்தக் காசைப் போட்டுப் பயணம் செய்தார்கள், ஆண்களுக்குத் தைத்த அளவுகளில் ஜெர்சி அணிந்தார்கள். அந்தக் காலத்தின் பொருள்களில் பெரும்பகுதி இன்னும் அந்த வீராங்கனைகளின் வீடுகளில்தான் இருக்க வேண்டும். 2023-இல் பிரான்சுக்கு எதிரான காலிறுதி 0–0 என்று முடிந்து, பெனால்டியில் 7–6 என்று வென்றோமே, அந்த ஆட்டத்தின் நாயகி மக்கென்சி ஆர்னல்டின் கோல்காப்பாளர் ஜெர்சி போட்டி நடந்தபோது கடையில் விற்பனைக்கே இல்லை. ரசிகர்கள் குரல் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. பெண்கள் ஆட்டத்தின் பொருளுக்கு மதிப்பு உண்டா என்று சந்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. நாம் யோசிக்கத் தேவையில்லை.

ஜான் மொரியார்ட்டியை நினையுங்கள். 1960-இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தேர்வான முதல் பூர்வகுடி வீரர். ஐரோப்பிய வீரர்களைக் கிளப்புகள் மாற்றுக் கட்டணம் கொடுக்காமல் சேர்த்துக்கொண்ட விவகாரத்தில் ஃபிஃபா அப்போது ஆஸ்திரேலியாவை விலக்கிவைத்தது. அணி போகவிருந்த பயணம் நின்றுபோனது. அவர் நாட்டுக்காகக் களம் இறங்கவே இல்லை. அவருக்கு ஜெர்சி கிடையாது. அவர் தகுதிக்குச் சாட்சி சொல்லக்கூடியது காகிதம் மட்டுமே, அதாவது அறிவிப்பு, கடிதம், செய்தித்தாள் துண்டு. பின்னாளில் ஹாரி வில்லியம்ஸ் 1974 உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றார், வாரன் ஆடிய அதே செயின்ட் ஜார்ஜ் கிளப்பிலிருந்து. ஜெர்சி ஒன்றே குறி என்று சேர்ப்பவர் கண்ணுக்கு மொரியார்ட்டி படவே மாட்டார்.

குடியேறிகளின் கிளப்புகள் இன்னொரு பெரும் புதையல். ஹங்கேரியருக்குச் செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட், யூதருக்கு ஹகோவா, இத்தாலியருக்கு மார்க்கோனி, ஏ.பி.ஐ.ஏ. லைக்கார்ட், கிரேக்கருக்கு சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ், குரோவாசியருக்கு சிட்னியிலும் மெல்பர்னிலும் தனித்தனிக் கிளப்புகள். 1977-இல் தொடங்கிய தேசிய லீகின் முதுகெலும்பே இவைதான். பிறகு இனப்பெயர்களையும் சின்னங்களையும் எடுத்துவிடச் சொல்லி நிர்வாகம் நெருக்கியது. 2004-இல் அந்த லீகே முடிந்து, அடுத்த ஆண்டு ஏ-லீக் வந்தது. அந்தப் பழைய பேட்ஜில் இருக்கும் நிறத்தையும் எழுத்தையும் பார்த்தால், வந்த நாட்டையும் விட்டுக்கொடுக்காமல் வாழ வந்த நாட்டிலும் வேர்விட முயன்ற மனிதர்கள் தெரிவார்கள். நம்மில் பலருக்கு அது புதிய செய்தி இல்லை.

மலேசிய, சிங்கப்பூர் நண்பர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆஸ்திரேலிய அணி உங்கள் நாடுகளோடு பல முறை மோதியிருக்கிறது. அக்கால மலேசிய அணியில் தனபாலன் போன்ற தமிழர்கள் ஆடினார்கள். ஆட்டம் முடிந்து வீரர்கள் பேட்ஜும் கொடியும் சட்டையும் மாற்றிக்கொள்வது வழக்கம். அப்படி மாறிய பொருள் ஏதாவது கிள்ளானிலோ ஈப்போவிலோ சிராங்கூனிலோ ஒரு பழைய ஆட்டக்காரர் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். சிட்னியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எவ்வளவு தேடினாலும் அது எங்கள் கண்ணில் படாது. அந்தப் பெரியவரைத் தமிழிலேயே விசாரித்து எழுதிக்கொள்ள உங்களால்தான் முடியும்.

விசாரிக்கப் போகும்போது எப்படிப் போக வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1974 அணியில் ஆடியவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். ஷேஃபர் பால் ஊற்றினார். ஆட்டம் அவர்களுக்குச் சொத்து சேர்த்துத் தரவில்லை. அவர்களில் யாராவது பதக்கத்தை விற்க முன்வந்தால் அது அவர் உரிமை, நியாயமான விலை கொடுங்கள், ஏலத்தில் எவ்வளவு போகும் என்பதை மறைக்காதீர்கள். முதியவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று தெரிந்தால் பிள்ளைகளின் சம்மதம் இல்லாமல் எதையும் கையில் வாங்காதீர்கள். துக்க வீட்டில் ஜெர்சியைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. பொருளைத் தர மனமில்லாதவரிடம் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், கதையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பல நேரம் அதுவே போதும். பொருள் அவர் வீட்டில் இருப்பதே அதற்கு அழகு.

கடைசியாக, நமக்குப் பிறகு என்ன? நாம் சேர்த்தது யாருக்குப் போக வேண்டும் என்று இன்றே வீட்டாரிடம் சொல்லி எழுதி வையுங்கள். அருங்காட்சியகமோ நூலகமோ எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளாது. அவர்கள் முதலில் கேட்பதும் இது எங்கிருந்து வந்தது என்பதைத்தான். தாளோடு போகும் பெட்டிக்குக் கதவு திறக்கும். உயிரோடு இருக்கும்போதே கிளப்பின் ஆண்டு விழாவுக்கும் பள்ளிக்கும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். 1967 சைகோனைப் பற்றி ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேள்வி கேட்டால் உங்கள் சேகரிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. அடுத்த பொருளை வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே உள்ளவற்றுக்குத் தாள் எழுதி முடியுங்கள். பழைய வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் வயதாகிறது. சைகோனில் ஆடியவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் எண்பதைத் தொட்டும் கடந்தும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையோ, அவருக்கு ஜெர்சி துவைத்தவரையோ, அவரோடு பயணம் போன பத்திரிகையாளரையோ இந்த மாதமே போய்ப் பாருங்கள். இன்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

அன்புடன்,
சிட்னியிலிருந்து உங்களைப் போல் ஒரு சேகரிப்பாளன்